வாய் வழியே பார்த்த ஊர்

கூஃபி படியிறங்கியது. மொத்தமே இரண்டு படி. முதல் படியின் விளிம்புக்கு வந்ததும் அந்தப் பெரிய பூட்ஸ் நின்றது. நுனியால் விளிம்பைத் தடவிப் பார்த்து, கீழே எவ்வளவு ஆழம் என்று அளந்துகொண்டு, அதன் பிறகுதான் பாரத்தைக் கீழே இறக்கியது. பக்கத்தில் நின்ற பெண் கூஃபியின் முழங்கையைத் தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தொங்கும் காதுகளையும் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பல்லையும் பார்த்துக் கைதட்டினார்கள். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேஷத் தலையை மாட்டிக்கொண்டவனுக்குத் தன் கால் தெரியாது. 29 வருஷத்துக்கு முன்னால் என் காலும் இப்படித்தான் படியைத் தேடியது.

'கூஃபி படியிறங்கியது' என்று எழுதும்போது அஃறிணை தானாக வந்துவிடுகிறது. இலக்கணத்தில் பிழையில்லை. ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. இனி அவர் என்றே எழுதுகிறேன். ஏன் என்பது பின்னால் புரியும்.

2024 ஜூன் மாதம் கலிபோர்னியா போயிருந்தேன். அக்கா மகள் இர்வைனில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். "எங்கெல்லாம் போகணும் மாமா, சொல்லுங்க. கிராண்ட் கேன்யன் போவோமா?" என்று கேட்டாள். டிஸ்னிலாண்ட் என்றேன். "அது பிள்ளைங்க போற இடம் மாமா!" என்றாள். "பிள்ளையைக் கூட்டிட்டுப் போவோம்மா, எனக்கும் பாக்கணும்" என்றேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. அது எங்கள் குடும்பத்தில் அவளுடைய அம்மா ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும்.

இர்வைனிலிருந்து ஆனாஹெய்முக்குக் காரில் அரை மணி நேரம். தென் கலிபோர்னியாவில் ஜூன் மாதக் காலை மூட்டத்தோடுதான் விடியும். கடல் மேகம் ஊருக்குள் வந்து கவிந்துகொள்ளும். உச்சி நெருங்கும்போதுதான் விலகும். அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் உள்ளே நுழைந்தோம். முகப்பில் ரயில் நிலையம், அதன் சரிவில் மிக்கியின் முகம்போல நட்ட பூச்செடிகள். தண்டவாளத்துக்கு அடியில் போகும் வழியில் புகுந்து வெளியே வந்தால் சின்னச் சதுக்கம் ஒன்று. அங்கே இருக்கும் தீயணைப்பு நிலையத்தின் மாடியில்தான் வால்ட் டிஸ்னிக்கென்று ஒரு வீடு வைத்திருந்தார்கள். அதன் சன்னலில் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது. அவர் நினைவாக அதை அணைப்பதில்லை.

ஆரஞ்சுத் தோப்பாகக் கிடந்த இடம் இது. 1955 ஜூலை 17 அன்று திறந்தார்கள். அந்த முதல் நாளில் உலா வந்த மிக்கியும் மற்றவர்களும் போட்டிருந்தது இரவல் உடை. ஐஸ் கேபேட்ஸ் என்ற பனிச்சறுக்கு நடனக் குழுவிடம் கேட்டு வாங்கியவை. தூரத்து இருக்கையிலிருந்து பார்ப்பதற்காகத் தைத்தவை என்பதால், திரையில் பார்த்த மிக்கிக்கும் பக்கத்தில் வந்து நின்ற மிக்கிக்கும் அளவு பொருந்தவில்லை. பிறகுதான் ஸ்டுடியோவின் ஓவியர்களே உட்கார்ந்து உடைகளைத் திருத்தினார்கள். 1960-களின் தொடக்கத்தில் பால் காசில் என்பவர் மிக்கியாக வந்து சேர்ந்தார். அவரும் பனிச்சறுக்குக் கலைஞர்தான். உயரம் நாலரை அடி. கால் நூற்றாண்டுக் காலம் அந்த வேலையில் இருந்தார். நடை, தோளைக் குலுக்குவது, கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சிரிப்பது என்று, அந்த எலிக்கு உடம்பு கொடுத்தவர்களில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று லட்சம் குழந்தைகளுக்குத் தெரிந்த அந்த நடை, முகமே வெளியில் தெரியாத ஒரு மனிதரின் இடுப்பிலும் முழங்காலிலும் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

டூன்டவுன் என்ற பகுதியில்தான் டிஸ்னி கார்ட்டூன் நாயான கூஃபியைப் பார்த்தோம். வரிசையில் நாற்பது பேர் இருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு சிறுவன், மூன்று வயதுக்கு மேல் இருக்காது. வரிசையில் நிற்கும்வரை துள்ளிக்கொண்டிருந்தவன், முறை வந்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அலற ஆரம்பித்துவிட்டான். நியாயம்தானே. தொலைக்காட்சியில் ஒரு சாண் உயரத்தில் பார்த்தது, இங்கே ஆறடிக்கு மேல் எழுந்து நிற்கிறது.

கூஃபி என்ன செய்தார் தெரியுமா? ஒரு அடிகூட முன்னால் வரவில்லை. இரண்டு கையாலும் தன் கண்களை மூடிக்கொண்டு, சிறுவனுக்குப் பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். உடம்பு முழுக்க லேசாக நடுங்கியது. உன்னைப் பார்த்து எனக்குத்தான் பயம் என்று அந்த முதுகு சொன்னது. சிறுவனின் அழுகை விட்டு விட்டு வந்தது. கூஃபி ஒரு விரலை மட்டும் விலக்கி எட்டிப் பார்த்தார். சிறுவன் பார்த்ததும் 'ஐயோ' என்பதுபோல மறுபடி மூடிக்கொண்டார். இப்படி நாலைந்து தடவை. வரிசை நின்றுபோயிருந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் சிறுவன் அப்பாவின் காலை விட்டுவிட்டுப் போய், கூஃபியின் தொப்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடி வந்தான். தட்டு வாங்கியவர் அப்படியே மல்லாந்து விழுந்தார். சிறுவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு தொழில் இருக்கிறது என்பது உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். ஸ்பாஞ்சில் செய்த முகம் மாறாது. எப்போதும் ஒரே சிரிப்பு. வருத்தம் காட்ட வேண்டுமென்றால் தலையைக் குனிந்தால் போதாது. தோள் இறங்க வேண்டும், முதுகு வளைய வேண்டும், கைகள் தொங்க வேண்டும். ஆமாம் என்று சொல்ல இடுப்பிலிருந்து தலையாட்ட வேண்டும். சின்ன அசைவெல்லாம் அந்த ரோமத் துணிக்குள்ளேயே செத்துவிடும். பேசவே கூடாது. முகம் தெரிய வரும் இளவரசிகளுக்குப் பேச்சு உண்டு. அவர்களை 'ஃபேஸ் கேரக்டர்' என்பார்கள். முழு வேஷத்தில் இருப்பவர்கள் 'ஃபர் கேரக்டர்'. இவர்களுக்கு உடம்புதான் நாக்கு. ஆட்டோகிராப் போடும்போதுகூட, இன்று போடுகிறவரும் நாளை போடுகிறவரும் ஒரே மாதிரி போட வேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு. எந்த வேஷம் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்வது உயரம். மிக்கிக்குள் இருப்பவர் ஐந்தடிப் பக்கம்தான் இருக்க முடியும். பல நேரம் பெண்கள்தான்.

இந்தத் தொழிலில் ஒரு சொல்வழக்கு இருக்கிறது. 'நான் மிக்கியாக வேலை பார்த்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'நான் மிக்கிக்கு நண்பர்' என்பார்கள். மிக்கி ஒருவர்தான், அவர் நிஜம், வேலை பார்ப்பவர்கள் அவருக்கு நண்பர்கள். குழந்தைகள் காதில் விழுந்தாலும் பிசகு வராமல் இருக்கத்தான் அப்படி. ஆனால் அந்தச் சொல்லில் ஒரு மரியாதையும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

மதியம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சுர்ரோ தின்றுகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டுவிட்டாள். "மாமா, அந்தப் பையன் அழுதப்ப உங்க கண்ணுல தண்ணி. என்ன விஷயம்?" சொன்னேன்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவைப் பார்த்தவர்களுக்கு வேஷம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, சிலர் 41 நாள், சிலர் 21 நாள் விரதம் இருந்து வேஷம் கட்டுவார்கள். காளி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ். வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். பெரியப்பா வருஷா வருஷம் கரடி வேஷம் கட்டினார். அந்த நாட்களில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வயதில் மூத்தவர்களே 'வாங்க சாமி' என்பார்கள்.

1995 மே மாதம், கல்லூரி விடுமுறையில் கைச்செலவுக்கு வேலை தேடிச் சென்னைக்குப் போனேன். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் கரடி வேஷம் கிடைத்தது. பெயர் வேண்டாம். நாளுக்கு 50 ரூபாய், மதியச் சாப்பாடு. பெரியப்பா கட்டியதைத்தானே நானும் கட்டப் போகிறேன் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

தலைக்குள் மூங்கில் பிளாச்சுக் கூடு, அதன்மேல் ஸ்பாஞ்ச், அதற்கும் மேல் பழுப்பு ரோமத் துணி. ஆடாமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டித் தாடைக்கடியில் இழுத்துக் கட்டுவார்கள். கரடியின் கண்கள் பிளாஸ்டிக். அதன் வழியாக ஒன்றும் தெரியாது. திறந்திருக்கும் வாயில் கறுப்பு வலை ஒட்டியிருக்கும். அதுதான் நமக்குக் கண். உள்ளங்கை அகலத்துக்கு உலகம் தெரியும். குழந்தை கிட்டே வந்துவிட்டால் அதன் உச்சந்தலைகூடத் தெரியாது. கை எட்டும் இடத்தில் முடி தட்டுப்பட்டால் பிள்ளை நிற்கிறது என்று அர்த்தம். பின்னாலிருந்து யார் வருகிறார்கள் என்று தெரியாது. உதைத்த பிறகுதான் தெரியும்.

மூன்று பேருக்கு ஒரே வேஷம். ஒருவன் கழற்றியதும் அடுத்தவன் போட வேண்டும். அவன் வியர்வை அப்படியே இருக்கும். ஈரமும் பழைய தேங்காயெண்ணெய் வாடையும் கலந்து முகத்தில் அடிக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை நுழைப்போம். ராத்திரி உலர்த்துவதற்கு ஒரு கொடிகூடக் கிடையாது. கழுத்திலும் அக்குளிலும் எனக்கு வந்த படை, கல்லூரி திறந்த பிறகும் ஆறவில்லை.

கத்தரி வெயிலில் ஒரு மதியம் மயங்கி விழுந்துவிட்டேன். பிள்ளைகள் அதை வித்தை என்று நினைத்துச் சிரித்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் தலையைக் கழற்றக் கூடாது என்பது கட்டளை. இரண்டு பேர் என்னை இழுத்துக்கொண்டு போய் டிக்கெட் அறைக்குப் பின்னால் போட்டார்கள். கண் விழித்தபோது சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "கரடி எந்திரிச்சிருச்சா? அதுக்கு ஒரு சோடாவக் குடுத்து நாலு மணிக்கு வெளிய அனுப்பு."

அதுக்கு. தலை கழன்றுதான் கிடந்தது. என் முகம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அரை நாள் கூலியைப் பிடித்தார்கள். அதைக்கூட மறந்துவிட்டேன். அந்த 'அதுக்கு' மறக்கவில்லை. ஊருக்கு வந்து சொன்னபோது அப்பா கேட்டார்: "அம்மனுக்குக் கட்டுனா வேசம். காசுக்குக் கட்டுனா அது என்னல?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விழுந்ததையும் சூப்பர்வைசர் சொன்னதையும் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

ஆனால் ஒன்று. ஒரு நாள் சாயங்காலம் ஒரு சின்னப் பெண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கரடியின் காதில் வாயை வைத்து, நாளைக்குத் தனக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றும், பயமாக இருக்கிறது என்றும், அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள் என்றும் சொன்னது. ஸ்பாஞ்சுக் காது, என் காது அதற்கு ஒரு சாண் கீழே இருந்தது. எல்லாம் கேட்டது. பேசக் கூடாது. கையால் அதன் தலையைத் தடவி, முதுகில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது போதும் என்று விலகிய பிறகுதான் கையை எடுத்தேன். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. வாய் வலை வழியே தெரிந்த ஒரு சிவப்பு ரிப்பனைத்தான் பார்த்தேன்.

"அம்மா சொல்லவே இல்லையே மாமா" என்றாள் அக்கா மகள். பிறகு தன் போனில் எதையோ தேடி என்னிடம் காட்டினாள்.

நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 மே 18 அன்று, இதே டிஸ்னிலாண்டில் வேஷம் கட்டுகிறவர்களும் அணிவகுப்பில் ஆடுகிறவர்களும் போட்ட வாக்குகளை எண்ணியிருக்கிறார்கள். சங்கம் வேண்டும் என்று 953 பேர், வேண்டாம் என்று 258 பேர். மொத்தம் சுமார் 1,700 தொழிலாளர்கள். சமையல்காரர், துப்புரவாளர், பாதுகாவலர் என்று அந்தப் பூங்காவில் பெரும்பாலானோருக்கு முன்பே சங்கம் இருந்தது, இவர்களுக்குத்தான் இல்லை. இவர்கள் சேர்ந்தது ஆக்டர்ஸ் ஈக்விட்டி, 1913-ல் தொடங்கிய மேடை நடிகர் சங்கம். பிராட்வேயில் நடிக்கிறவர்களின் சங்கம். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். நடிகர்கள். அப்பா கேட்ட கேள்விக்கு 29 வருஷம் கழித்து ஒரு பதில் கிடைத்ததுபோல இருந்தது. உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

அவர்கள் கேட்டவற்றில் சம்பளத்தோடு பாதுகாப்பும் சுத்தமான உடையும் இருந்தன. படிக்கிறவர்களுக்குச் சுத்தமான உடை சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றாது. புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டில் வேஷம் கட்டுகிறவர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் இருக்கிறார்கள். வேஷத்துக்கு அடியில் போடும் உள்ளாடை அங்கே பொதுவில் இருந்தது. மாலையில் ஒப்படைத்தால் துவைத்து வேறொருவருக்குப் போகும். சுத்தமாக இல்லை, தோலில் அரிப்பு வருகிறது என்று புகார் செய்தார்கள். 2001-ல் போட்ட ஒப்பந்தத்தில்தான் ஆளுக்கு ஆள் சொந்தமாக உள்ளாடை, வீட்டில் துவைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. உள்ளாடைக்கு ஒப்பந்தமா என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. அடுத்தவன் வியர்வைக்குள் தலையை நுழைத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வெயிலும் அப்படித்தான். 2019 ஜூலையில் ஜப்பானின் ஒசாகா பக்கத்தில் ஒரு பூங்காவில், இரவு, பூங்காவை மூடிய பிறகு நடன ஒத்திகை பார்த்த 28 வயது இளைஞர் ஒருவர் வெப்பத் தாக்கில் இறந்துபோனார். அவர் போட்டிருந்த வேஷத்தின் எடை சுமார் 16 கிலோ. பகல் வெயில்கூட இல்லை. உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். ஆனாஹெய்மில் கூஃபி அரை மணி நேரம்போல நின்றுவிட்டு உள்ளே போய்விடுகிறார். இளைப்பாறிவிட்டு வருவதை 'செட்' கணக்கில் வைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு அட்டெண்டன்ட் எப்போதும் இருக்கிறார். வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் மாதிரிதான் வெளியே தெரியும். பின்னால் வரும் கை, அருகில் வரும் படி, ஓடி வரும் பிள்ளை என்று கூஃபிக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் இவர்தான் கண். எங்களுக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் என் முழங்காலில் இந்தத் தழும்பு இருந்திருக்காது.

கோவிட் காலத்தில் பூங்காவை ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைத்திருந்தார்கள். 2021 ஏப்ரல் கடைசியில் திறந்தபோது வேஷக்காரர்கள் தூரத்தில் நின்று கையசைக்க மட்டும்தான் முடிந்தது. கட்டிப்பிடிக்கலாம் என்று மறுபடி அனுமதித்தது 2022 ஏப்ரலில். தொடாமல் இந்தத் தொழில் செய்வதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. அந்தச் சிவப்பு ரிப்பன் பெண்ணுக்கு நான் தூரத்திலிருந்து கையசைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சாயங்காலம் பேத்தி மறுபடி கூஃபியிடம் போக வேண்டும் என்றாள். "தாத்தா, நீயும் வா. போட்டோவுல நீ இல்ல" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மூட்டம் எப்போதோ விலகி, மஞ்சள் வெயில் சுவர்களில் சாய்ந்திருந்தது. வரிசை சின்னதாகிவிட்டது. முறை வந்ததும் பேத்தி ஓடிப் போய்க் கூஃபியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் தலை குனியவில்லை, குனிந்தாலும் தெரியாது. கையைக் கீழே இறக்கி அவள் தலைமுடி எங்கே என்று தேடினார். தட்டுப்பட்டதும் அங்கேயே கையை வைத்துக்கொண்டார். அவளாக விடும்வரை அவர் விடவில்லை.

நான் அட்டெண்டன்ட் பெண்ணின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: இந்தியாவில், ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடைகாலம் முழுக்க நானும் இந்த வேலைதான் பார்த்தேன்.

காலையில் படியில் முழங்கையைப் பிடித்திருந்த அதே பெண். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்படியா! நீங்கள் யாருக்கு நண்பர்?"

"ஒரு கரடிக்கு" என்றேன்.

கூஃபியின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். பேத்தியின் தலையிலிருந்து ஒரு கையை எடுத்து, நான் நிற்கும் திசையைக் குத்துமதிப்பாகக் கணித்து நீட்டினார். நான் நகர்ந்து வந்து, அந்தக் கை இருக்கும் இடத்துக்கு என் கையைக் கொண்டுபோனேன். நாலு விரல் வைத்த வெள்ளைக் கையுறை. உலர்ந்திருந்தது. சோப்பு வாசனை வந்தது.